வாக்கு நம்மிடம், முடிவு யாரிடம்? சேலத்திலிருந்து ஒரு விவாத இழை

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:

நம் ஊரில் மக்களாட்சியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது இரண்டில் ஒரு முடிவில்தான் போய் நிற்கிறது. தேர்தல் ஒழுங்காக நடக்கிறது, தோற்ற கட்சி நாற்காலியை விட்டு இறங்குகிறது, ஆகவே ஆள்பவர்கள் மக்கள்தாம் என்பது ஒன்று. எந்தக் கட்சி வந்தாலும் பணமும் பரம்பரையும் உள்ளவர்களே ஆள்கிறார்கள், வாக்கு வெறும் சடங்கு என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே தேநீர் வேளையில் சொல்வதையும், அருகில் இருப்பவர் இரண்டிற்கும் தலையாட்டுவதையும் கண்டிருக்கிறேன்.

இந்த ஐயம் புதிதும் அன்று, நமக்கு மட்டும் உரியதும் அன்று. எந்தச் சமூகத்திலும் ஆளும் சிறுபான்மை, அதாவது ஒரு மேட்டுக்குடி, இருந்தே தீரும் என்று இத்தாலியச் சிந்தனையாளர்களான மோஸ்காவும் பரேட்டோவும் நூறாண்டுகளுக்கு முன்பே எழுதினார்கள். ராபர்ட் மிகெல்ஸ் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியை ஆராய்ந்து, சமத்துவத்தைக் கொள்கையாகக் கொண்ட கட்சிகூட அமைப்பு பெருகப் பெருக ஒரு சிலர் கைக்குள் அடங்கிவிடுகிறது என்று 1911இல் காட்டினார். பொருளியல் அறிஞர் ஷூம்பீட்டர் 1942இல் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்: மக்கள் ஆள்வது என்பது நடவாத காரியம்; ஆள விரும்பும் குழுக்கள் மக்களின் வாக்குக்காகப் போட்டியிடும் ஏற்பாட்டுக்கே மக்களாட்சி என்று பெயர். மறுதரப்பில் ராபர்ட் டால், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரை ஆராய்ந்து 1961இல் வெளியிட்ட முடிவு, பள்ளிக்கல்வியில் செல்வாக்குள்ளவர்கள் நகரச் சீரமைப்பிலோ வேட்பாளர் தேர்விலோ அதே செல்வாக்குடன் இல்லை, அதாவது எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒற்றைக் குழு இல்லை என்பது.

சேலத்து வரலாற்றில் இதைச் சோதித்தால், ஷூம்பீட்டர் பக்கமே எனக்குத் தராசு சாய்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில். பல ஏழைக் குடும்பங்கள் அதனால் பயன்பெற்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்த அமைச்சரவையைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் வாக்குரிமை சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைக் கொண்டே அளக்கப்பட்டிருந்தது. எவருடைய கள் நிறுத்தப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜிதான் அன்று மாகாணப் பிரதமர். அதே இராஜாஜி, 1952இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தலில் போட்டியிடாமல், மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைத்திருந்த நிலையில், யார் ஆள்வது என்ற முடிவு வாக்குப்பெட்டிக்கு வெளியேதான் எடுக்கப்பட்டது.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஆள்வோர் என்றுமே ஒரு சிலர்தாம் என்றால், வாக்கினால் நாம் செய்யக்கூடியது அவர்களை மாற்றுவது மட்டும்தானா? அதற்கு மேல் ஏதேனும் உண்டா?

அம்மாப்பேட்டைத் தறியாளர்:

வாசகர் ஐயா பல அறிஞர்களைச் சொன்னார், மகிழ்ச்சி. ஆனால் ஆளும் மேட்டுக்குடி என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் யாரையும் குறிக்காமல் போய்விடுகிறது. நூல் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்பவரும் எனக்கு மேலே இருக்கிறார், வட்டச் செயலாளரும் மேலே இருக்கிறார், சாயப்பட்டறைக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரியும் மேலே இருக்கிறார். இந்த மூவரும் ஒரே ஆள் இல்லை. சில வேளைகளில் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். அந்த மோதலில்தான் எங்களுக்குச் சிறிது மூச்சு கிடைக்கிறது.

நான் பார்த்த அளவில், வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முன்பே பாதி முடிவு ஆகிவிடுகிறது. எங்கள் வார்டில் கட்சிக்காக நாள்தோறும் சுவரொட்டி ஒட்டியவருக்கு இடம் கிடைக்காமல், செலவு செய்ய முடிந்தவருக்குக் கிடைத்ததைக் கட்சி பேதமின்றிக் கண்டிருக்கிறேன். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. கட்சி செலவழிப்பதற்கு வரம்பே இல்லை. பிறகு அந்த 40 லட்சத்திற்கு என்ன பொருள்? அந்த 40 லட்சத்தையும் ஒரு தறிக்காரர் எங்கே போய்ப் புரட்டுவார்?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, அஸ்தம்பட்டி:

வாசகர் எடுத்துக்காட்டிய இரண்டு நிகழ்வுகளும் உண்மை. ஆனால் அவை கதையின் பாதிதான். 1952இல் வாக்குப்பெட்டிக்கு வெளியே உருவான அந்த ஆட்சி கொண்டுவந்த 1953ஆம் ஆண்டின் தொடக்கக் கல்வித் திட்டத்திற்கு, அது பிள்ளைகளைத் தந்தையின் தொழிலுக்கே திருப்பி அனுப்பும் குலக்கல்வி என்று எழுந்த எதிர்ப்பு, மறு ஆண்டே இராஜாஜியைப் பதவி விலகச் செய்தது. அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். இடையில் பொதுத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை. தேர்தல்களுக்கு நடுவில் தெருவிலும் மேடையிலும் பத்திரிகையிலும் மக்கள் செலுத்தும் அழுத்தத்தை ஷூம்பீட்டரின் வரையறை கணக்கில் எடுப்பதில்லை. தேர்ந்தெடுத்த பிறகு வாக்காளர்கள் தலையிடாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

மேட்டுக்குடி எப்படி உருமாறுகிறது என்பதைக் காண நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் அரிது. 1916இல் தோன்றிய நீதிக்கட்சியின் தலைமையில் பெருநிலக்கிழார்களும் வணிகர்களும் பட்டம் பெற்றவர்களும் நிறைந்திருந்தார்கள். 1920 தேர்தலில் வாக்களிக்கும் தகுதி மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினருக்கே இருந்தது. ஆனால் அந்த மேட்டுக்குடிக் கட்சியின் ஆட்சிக் காலத்தில்தான் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமைத் தடை நீங்கியது. அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்திற்கான ஆணையும் பிறந்தது. தங்கள் வாசலைத் திறப்பதற்காக அவர்கள் தள்ளிய கதவு, பிறருக்கும் திறந்துகொண்டது. 1937இல் அக்கட்சி படுதோல்வி அடைந்தது. 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் அது திராவிடர் கழகம் ஆயிற்று. அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானம் பெயர் மாற்றத்தோடு நிற்கவில்லை. ஆங்கில அரசு தந்த சர், திவான் பகதூர், ராவ் பகதூர் போன்ற பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் உறுப்பினர்கள் துறக்க வேண்டும் என்றது. பட்டத்தை விட மனமில்லாதவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு மேட்டுக்குடியை அதன் சொந்தக் கட்சியிலிருந்தே ஒரு தீர்மானத்தால் வெளியேற்றிய நிகழ்வு அது. தமிழ்நாட்டில் அதற்கு ஈடாக இன்னொன்று என் நினைவுக்கு வரவில்லை.

இதற்கு நேர்மாறான சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டுப் பகுதியின் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை மாகாண முதலமைச்சர். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. மோகன் குமாரமங்கலம் முதலில் பொதுவுடைமைக் கட்சியிலும், பிறகு இந்திரா காந்தியின் அமைச்சரவையிலும் இருந்தார். பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். பேரன் ரங்கராஜன் சேலத்திலிருந்து காங்கிரஸ் சார்பிலும், பின்னர் திருச்சியிலிருந்து பாரதிய ஜனதா சார்பிலும் நாடாளுமன்றத்திற்குச் சென்றார். இவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பலர் உண்மையாகவே உழைத்தவர்கள். ஆயினும் கொள்கைகள் ஒன்றோடொன்று மோதிய காலத்தில் எல்லாக் கொள்கைகளின் முன்வரிசையிலும் ஒரே குடும்பம் இடம்பெற முடிந்தது என்றால், கல்வியும் தொடர்பும் ஓய்வு நேரமும் யாரிடம் குவிந்திருந்தன என்பதை அது சொல்கிறது. அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் உள்ள முரண்பட்ட வாழ்க்கைக்குள் நாம் நுழையப்போகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்தது இதைத்தான். அந்த எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்த அரசியல் நிர்ணய சபையே, குறைந்த வாக்குரிமையில் அமைந்த மாகாணச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்த சபைதான்! எல்லோருக்கும் வாக்கு என்று முடிவெடுத்தவர்கள், எல்லோருடைய வாக்கினாலும் வந்தவர்கள் அல்லர்.

மலைவாசி, ஏற்காடு:

ஆசிரியை அம்மா 1920ஆம் ஆண்டைத் தொட்டதால் எங்கள் மலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் தோட்டத்துரைமார்கள் வந்தார்கள். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் பெருநிலக்கிழார்களுக்குத் தனி இடங்கள் இருந்தன. தோட்ட முதலாளிகளுக்கென்றும் தனியாக ஓர் இடம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடும் சேந்தமங்கலமும் ஆகிய இரண்டே. எங்கள் இனத்தவர் சட்டமன்றத்தில் அமர்கிறார் என்பது சிறிய செய்தி அன்று. ஆனால் ஏற்காடு தொகுதி மலையோடு முடிவதில்லை; வாழப்பாடியும் அயோத்தியாப்பட்டணமும் சேர்ந்த சமவெளியில்தான் வாக்காளர்கள் மிகுதி. வேட்பாளரைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது, வெற்றியைச் சமவெளி முடிவு செய்கிறது, பெயர் மட்டும் மலையின் பெயர். 1932இல் பூனா ஒப்பந்தத்திற்குப் பின் ஒதுக்கீட்டுத் தொகுதியிலும் எல்லோரும் சேர்ந்தே வாக்களிக்கும் முறை நிலைபெற்றது. அதற்கான காரணங்களை நான் அறிவேன், மதிக்கிறேன். அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனவே என் அனுபவத்தில் சட்டமன்றத்தைவிடக் கிராம சபையே எங்களுக்கு நெருக்கமான களம். அங்கும் நடப்பதைக் கேளுங்கள். நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் வருகைக்கென்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானங்களைப் பிறகு எழுதிக்கொள்வதாகச் சொன்னார்கள். மேலே வெற்றுப் பக்கம், கீழே எங்கள் கையெழுத்து. நாங்கள் கேட்ட தண்ணீர்த் தொட்டி அதில் ஏறியதா, கேட்காத சாலை ஏறியதா என்பது எழுதுபவருக்கு மட்டுமே தெரியும். மிகெல்ஸ் என்பவர் இதைப் பார்த்திருந்தால் பெரிய கட்சிகள்வரை போயிருக்கமாட்டார்.

ஆத்தூர் வழக்கறிஞர்:

மலைவாசி சொன்ன வெற்றுப் பக்கம்தான் இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் மிக முக்கியமான சான்று என்று நினைக்கிறேன். செல்வாக்கு என்பதை நாம் பெரும்பாலும் முடிவெடுக்கும் நேரத்தில் தேடுகிறோம். அது அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது: எது விவாதப் பொருளாகும், யார் வேட்பாளர் ஆவார், முடிவு எப்படிப் பதிவாகும், அந்தப் பதிவுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு.

கடைசியாகச் சொன்னதைச் சிறிது விரிக்கிறேன். 2018இல் சேலம், சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுக்கத் தொடங்கியபோது, 277 கிலோமீட்டர் நீளப் பாதையில் இருந்த உழவர்கள் மனுக் கொடுத்தார்கள், போராடினார்கள், கைதானார்கள். நிலம் எடுக்கப்பட்டது தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ். 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் வற்புறுத்தும் சமூகத் தாக்க மதிப்பீடு அந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்குத் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நிலமெடுப்பை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் அத்தீர்ப்பை மாற்றி, அரசு மேற்கொண்டு செல்லலாம் என்றது. ஊர் மக்கள் ஒருமனதாக மறுத்திருந்தாலும் அந்த மறுப்பு எந்த அதிகாரியின் கையையும் சட்டப்படி கட்டாது. இதோடு ஒடிசாவின் நியம்கிரியை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வன உரிமைச் சட்டம் இருந்ததால், பாக்சைட் சுரங்கம் பற்றிக் கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது. கூடிய 12 கிராம சபைகளும் மறுத்தன. சுரங்கம் வரவில்லை. எதிரில் நின்றது பெருநிறுவனமும் மாநில அரசும். அங்கிருந்த மக்கள் நம் உழவர்களைவிட வசதியானவர்கள் அல்லர், படித்தவர்களும் அல்லர். அவர்களுடைய மறுப்புக்குச் சட்டம் பல் கொடுத்திருந்தது.

ஆகவே மேட்டுக்குடி ஆட்சி இயற்கை நியதி என்று பேசுவது எனக்கு உவப்பாயில்லை. அது பெருமளவு விதிகளால் ஆனது. இன்னொரு விதியையும் சொல்கிறேன். 1985இல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை வந்த பிறகு, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். கட்சி தாவலைத் தடுக்க வந்த சட்டம் அது, தேவையும் இருந்தது. ஆனால் நம் உறுப்பினர் நமக்கு அஞ்சுவதைவிடத் தலைமைக்கு அஞ்ச வேண்டிய நிலையை அது உருவாக்கிவிட்டது.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:

விதிகள்தாம் காரணம் என்றால் விதிகளை மாற்றிப் பார்க்கலாம். தேர்தல் என்பதே வசதியும் பெயரும் உள்ளவர்களுக்குச் சாதகமான முறை என்று பண்டைய கிரேக்கர்கள் கருதினார்கள். ஏதென்ஸில் ஐந்நூற்றுவர் அவைக்குச் சீட்டுக் குலுக்கியே ஆள் எடுத்தார்கள். அயர்லாந்தில் 2016இல் குலுக்கலில் தேர்ந்த 99 குடிமக்களும் ஒரு தலைவரும் கொண்ட மன்றம் கருக்கலைப்புச் சட்டத்தை விவாதித்துப் பரிந்துரை தந்தது. 2018இல் பொதுவாக்கெடுப்பு அதை ஏற்றது. நமக்கோ குடத்தில் ஓலையிட்டு ஆள் எடுத்த உத்திரமேரூரின் குடவோலை முறையே இருக்கிறது. நம் மாநகராட்சியில் வார்டுக்குள் பகுதி வாரியாகக் கூடும் பகுதி சபைகளுக்கு உறுப்பினர்கள் இப்போது தேர்தலிலும் வருவதில்லை, நியமனத்தில் வருகிறார்கள். அந்த நியமனத்திற்குப் பதில் குலுக்கல் வைத்தால் என்ன?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, அஸ்தம்பட்டி:

குலுக்கல் யோசனையை வரவேற்கிறேன். ஆனால் உத்திரமேரூரை மக்களாட்சியின் தாய்வீடு என்று மேடையில் முழங்குவதைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் கல்வெட்டை ஒருமுறை முழுதாகப் படியுங்கள் என்று சொல்லத் தோன்றும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் எழுந்த அந்தக் கல்வெட்டுகள் சதுர்வேதி மங்கலம் எனப்பட்ட ஒரு பிராமணர் ஊரின் சபையைப் பற்றியவை. குடத்தில் பெயர் விழ வேண்டுமென்றால் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவை) மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். வேதத்தோடு உரையும் கற்றவரானால் அரைக்கால் வேலி போதும் என்று சலுகைகூட இருந்தது. ஓலையை எடுக்கும் சிறுவனின் கை நடுநிலையானது என்பதில் ஐயமில்லை. எவருடைய ஓலை குடத்தில் விழவே முடியாது என்பதை அந்தக் கை மாற்றாது. நிலத்தை உழுதவர்களின் ஓலைகள் அங்கே இல்லை, எந்தப் பெண்ணின் ஓலையும் இல்லை.

அம்மாப்பேட்டைத் தறியாளர்:

அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதே கல்வெட்டில் எனக்குப் பிடித்த ஒரு விதியை அவர் விட்டுவிட்டார். சபையின் குழுவான வாரியத்தில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடத்திற்குள் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. பொறுப்பில் இருந்தவர் மூன்றாண்டு கழித்தே மீண்டும் வரலாம். அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு என்றாலும் கட்டுப்பாடுதான். கணக்கு முடிக்காதவரின் மைத்துனர்வரை தடுக்கும் விதியை இன்றைக்கு எந்தக் கட்சியாவது தன் தேர்தல் அறிக்கையில் எழுதட்டும் பார்க்கலாம். குலுக்கல் வந்தாலும் சரி, தேர்தல் நடந்தாலும் சரி, எனக்கு முதலில் கணக்கு வேண்டும்.

ஆத்தூர் வழக்கறிஞர்:

கணக்குக் கேட்கும் உரிமை ஓரளவு சட்டத்திலேயே இருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்குக் கொடுத்தது. ஆனால் சபையைக் கூட்டும் மன்றமே இல்லாமலும் நாம் வாழ்ந்திருக்கிறோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரிவரை காத்திருந்தோம். அத்தனை காலமும் அரசு நியமித்த தனி அலுவலர்களே ஆண்டார்கள். ஆட்சியை மாற்ற வாக்கு இருக்கிறது என்று வாசகர் முதலில் எழுதினார். அந்த ஆண்டுகளில் சேலம் மாநகராட்சியில் மாற்றுவதற்கு யாரும் இல்லை.

மலைவாசி, ஏற்காடு:

வெற்றுப் பக்கத்திற்கு நாங்கள் கண்ட மருந்து எளியது. தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்த பிறகே கையெழுத்து என்று சில இளைஞர்கள் உறுதியாக நின்றார்கள். பக்கத்தைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் முகம் சுளித்த அலுவலர் பிறகு பழகிக்கொண்டார்.

தீராமல் நிற்பது நாள் பற்றிய சிக்கல். கிராம சபை முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு விடுமுறை நாள்களில் நடந்தது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்கினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் இந்த இரண்டு நாள்களும் விடுமுறை அல்ல. நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். எஸ்டேட் லயன்களில் குடியிருப்பவர்கள் சபைக்கு வந்தால் அன்றைய கூலி போகும். எனவே அன்று வந்து உட்காருபவர்கள் கடை வைத்திருப்பவர்களும், தங்கும் விடுதி நடத்துபவர்களும், சொந்தத் தோட்டம் உள்ளவர்களும்தான். எவரும் எவரையும் தடுக்கவில்லை; கதவு திறந்தே இருக்கிறது. ஆனாலும் தீர்மானம் அவர்களுடையதாகிவிடுகிறது. அந்த இரண்டு கூட்டங்களை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டும், அல்லது சபைக்கு வரும் தொழிலாளிக்கு அரைநாள் கூலி உறுதி செய்ய வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆத்தூர் வழக்கறிஞர்:

நாளை நிர்ணயிப்பது மாநில அரசு. ஊராட்சித் தலைவருக்கு அதில் கை இல்லை. எனவே மனுவை ஆட்சியருக்கு மட்டும் அனுப்பாமல், ஊரக வளர்ச்சித் துறைச் செயலருக்கும் ஒரு படி அனுப்புங்கள். அரைநாள் கூலிக் கோரிக்கையைத் தனி மனுவாக வைப்பது நல்லது. இரண்டையும் சேர்த்தால் எஸ்டேட் உரிமையாளர்களின் எதிர்ப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கோரிக்கையும் சிக்கிக்கொள்ளும். வரைவை அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.

அம்மாப்பேட்டைத் தறியாளர்:

எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். எங்கள் பகுதி சபையையும் வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குத்தான் கூட்டுகிறார்கள்.